எல்லாமே பெரிசா

துணிக்கடை சங்கமேஸ்வரனை பவானியில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. தீபாவளிக்கு பேனர் வடிவமைக்க வந்த பூங்கோதையிடமும் அதே அதிகாரம்தான்.

"பட்டு, வேட்டி, ஜமுக்காளம், தள்ளுபடி, அப்பறம் நானு நிக்கற என்ற போட்டோ. எல்லாமே பெரிசா இருக்கோணும் அம்மணி. முடியாட்டி வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"முடியுங்க. முதல்ல ஒண்ணு பாத்தரலாங்க."

விற்பனையாட்களை வாசலில் நிறுத்தி, ஆளுக்கொரு சரக்கின் பேரை ஒரே நேரத்தில் கூவச் சொன்னாள். தெருவே அதிர்ந்தது. தீபாவளிக் கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தது.

சங்கமேஸ்வரன் பாய்ந்து வந்தார். "நிறுத்துங்கடா. ஒருத்தன் மட்டும் கத்துங்கடா."

"எந்தச் சரக்குங்க?" என்றாள் பூங்கோதை.

"ஜமுக்காளம்."

"அப்ப பேனர்லயும் அது ஒண்ணுதானுங்க."

அவர் குரல் இறங்கியது. "என்ற போட்டோ?"

"ஆளுக உள்ள வரட்டுங்க. உங்களை நேர்லயே பாத்துக்குவாங்க."