கொம்பன் முன்னாடி கோமதி சொன்ன பேர்

எங்கேயோ பனி கொட்டுற ஒரு மலைதேசத்துல ஒரு சின்ன ஊர் இருந்துச்சாம். அந்த ஊர்ல, திருநெல்வேலிப் பக்கத்துலேருந்து பிழைக்கப் போன தனுஷ்கோடி, அவன் பெண்டாட்டி கோமதி, ஆறு வயசுப் பொண்ணு தேனு, மூணு பேரும் இருந்தாங்களாம்.

தேனுவுக்குப் புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், புரியாத பாஷை, எல்லாம் சேர்ந்து பயமாப் போச்சு, தூக்கத்துல படுக்கையை நனைச்சுடுவா. என்ன சிரிப்பு? நீ நனைச்சதே இல்லையா? வாயை மூடிக்கிட்டுக் கேளு. "யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா"ன்னு அழுதா. தனுஷ்கோடி அவ தலையில கை வச்சு, "சத்தியமா சொல்ல மாட்டேன்டா கண்ணு"ன்னான்.

சத்தியம் பண்ணின சூடு ஆறலை, ஆபீஸ்ல சொல்லிச் சிரிச்சான். அப்புறம் அவங்க அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரிச்சான். ரெண்டும் கோமதி காதுக்கு வந்துச்சு, ரெண்டு தடவையும் பல்லைக் கடிச்சுக்கிட்டா. அவளே சின்ன வயசுல கான்வென்ட்ல பெஞ்சு மேல நின்னு, வகுப்பே சிரிக்கப் பார்த்தவ. அவமானம்னா என்னன்னு அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். டிசம்பர்ல ஒரு நாள் பொழுது சாயறப்போ வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருத்தர் கோலூன்றி வருவார், பின்னாடியே கொம்பன்னு ஒருத்தன் வருவான். தலையில ஆட்டுக் கொம்பு, உடம்பெல்லாம் கருப்பு ரோமம், தொங்குற சிவப்பு நாக்கு, இடுப்புல மணி, கையில ஒரு கட்டு விளார், அதான் அடிக்கிற மெல்லிசுக் குச்சி. வாசலுக்கு வாசல் பெரியவர் கேட்பார்: "இந்த வீட்டுல தப்பு பண்ணினது யார்?" வீட்டுல யார் பேரைச் சொன்னாலும் அவங்க முன்னால வந்து விளாரடிக்குக் காலைக் காட்டணும். ஆனா எல்லாரும் பிள்ளைங்க பேரைத்தான் சொல்லுவாங்க. பெரியவங்கதான் தப்பே பண்ண மாட்டாங்களே!

முதல் வாசல்ல மிட்டாய் திருடின பையன். காலுக்கு ஒண்ணு. ரெண்டாவது வாசல்ல நாயை உதைச்ச பையன். காலுக்கு ஒண்ணு. மூணாவது வாசல் கோமதி வாசல். மணிச்சத்தம் கேட்டதுமே தேனு அம்மா கோட்டுக்குள்ள புகுந்துக்கிட்டா.

"இந்த வீட்டுல தப்பு பண்ணினது யார்?"

தனுஷ்கோடி முந்திக்கிட்டு, "என் பொண்ணுதான்! படுக்கையை நனைக்கிறா! நல்லா மிரட்டுங்க, அப்பதான் நிக்கும்"னான். தெருவே சிரிச்சுது. தேனு அழலை. கோட்டை விலக்கி அப்பா முகத்தையே பார்த்தா. கொம்பன் விளாரை ஓங்கிக்கிட்டுக் கிட்ட வந்தான்.

"நில்லுய்யா!"ன்னா கோமதி. "இந்த வீட்டுல எனக்கும் வாய் இருக்கு. பெரியவரே, என்னையும் கேளுங்க."

"சொல்லும்மா, யார்?"

"என் புருஷன்."

"ஏய், என்னடி இது? உள்ள போ!"

"போறேன், சொல்லிட்டுப் போறேன். தூக்கத்துல நனைக்கிறது தப்பா? இல்ல, முழிச்சுக்கிட்டே சத்தியத்தை உடைக்கிறது தப்பா? பிள்ளை தலையில கை வச்சவன், ஆபீஸ்ல உடைச்சான், போன்ல உடைச்சான், இப்ப நடுத்தெருவுல உடைச்சான்!"

பெரியவர் தனுஷ்கோடியைப் பார்த்துத் திரும்பினார். "உடைச்சியா?"

"சும்மா தமாஷுக்கு சார்..."

"உடைச்சியா?"

"வீட்டு விஷயம் சார்..."

"உடைச்சியா?"

"உடைச்சேன்."

கொம்பன் அவன் பக்கம் திரும்பினான். ஆபீசுக்கு ஒண்ணு, "ஐயோ!" போனுக்கு ஒண்ணு, "அம்மா!" தெருவுக்கு ஒண்ணு. அதுக்குக் குனிஞ்சு காலைப் பிடிச்சுக்கிட்டான். தெரு இந்தத் தடவை சிரிக்கலை. அவனவன் தன் பெண்டாட்டி வாயைப் பார்த்துக்கிட்டு நின்னான்.

அப்புறம் படுக்கை நனையலையான்னு கேக்குறியா? அன்னிக்கும் நனைஞ்சுது. பயம் என்ன, ஒரே நாள்லயா போகும்? ஆனா காலையில அந்த ஈரத் துணியை அலசினது யாரு? விளார்த் தழும்போட தனுஷ்கோடி. கோமதி காபியை ஆத்திக்கிட்டே, "ஓரத்துலயும் தேய்"னா. தேனு கதவோரம் நின்னு எட்டிப் பார்த்துச் சிரிச்சா.

கொம்பன் மலை ஏறிட்டான், கதை கரை ஏறிடுச்சு. பிள்ளை நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொல்லிச் சிரிக்கிறவன் காலுக்கு விளார் எந்த தேசத்துலயும் முளைக்கும். போ, போய்ப் படு.