அரைக்காத வேர்

குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு நாற்பத்தெட்டு. அதனால் அந்த நெல் ஆராய்ச்சிக்கூடத்தில் குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். யார் யாரிடம் படிக்கிறார்கள் என்பதே வெளியாட்களுக்குப் புரியாது.

சீடர் வேதமாணிக்கம் கல்லூரி வாத்தியார். முனைவர் பட்டத்துக்காக விடுப்பு எடுத்து வந்தவர். வறட்சி வந்தால் நெல்லின் வேரில் ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது என்பது அவர் கட்சி. மரபணுவோ மசிகிற வழியாக இல்லை. வேர்களைக் கொத்தாக உறையவைத்து, கல்வத்தில் மாவாக அரைத்து, மரபணு எவ்வளவு விழித்திருக்கிறது என்று அளப்பார். தண்ணீர் குடித்த வேரும் காய்ந்த வேரும் ஒரே கணக்கைத்தான் காட்டும். விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. வெறுங்கையோடு திரும்பினால் வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது? மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை, கையில் கல்வத்தோடு குரு நஸ்ரின் முன்னால் போய் நின்றார்.

“என் மரபணு விழிக்கவே மாட்டேங்குது மேடம். விட்டுடலாமா?”

நஸ்ரின் கல்வத்தை வாங்கி அலமாரி உச்சியில் வைத்தார்.

“இந்தத் தடவை அரைக்காதீங்க சார்.”

வேர்களை முழுசாகவே, கண்ணாடியாய்த் தெளியவைக்கும் திரவத்தில் ஊறப்போட்டார்கள். அந்த மரபணு விழித்திருக்கும் செல்லில் மட்டும் ஒட்டி ஒளிரும் சாயத்தையும் கொடுத்தார்கள். சில வேர்களுக்குச் சாயம் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி வைப்பது அங்கே வழக்கம்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் வேதமாணிக்கம் துள்ளிக் குதித்தார்.

“மேடம்! வேர் முழுக்க ஜெகஜோதி!”

“எந்த வேர் சார்?”

எடுத்து, ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். சாயமே போடாத வேர். அவசரத்தில் கை மாறிப்போயிருந்தது.

“அது செடி தானாக் காட்டுற வெளிச்சம். நீங்க எதைக் கேட்டாலும் அதையேதான் காட்டும்,” என்றார் நஸ்ரின். “இன்னும் ஊறட்டும், அந்த வெளிச்சம் வடிஞ்சிடும்.”

ஐயோ பாவம், அன்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

நன்றாகத் தெளிந்தபின், சாயம் போட்ட வேர்களை எடுத்தார்கள். தண்ணீர் குடித்த வேரில் ஒன்றுமில்லை. காய்ந்த வேரும் இருண்டுதான் கிடந்தது. அவர் நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்பினார்.

ஓர் ஓரத்தில், நாலைந்து செல்களுக்குள், பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.

“இருக்கு மேடம்...” என்றார். அடுத்த நொடியே வாத்தியார் புத்தி எட்டிப் பார்த்தது. “ஆனா நாலைந்துதானே? மத்ததெல்லாம் தூங்குதே. எல்லாத்தையும் சேர்த்து அரைச்சா இது எங்கே தெரியும்! இவ்வளவு கொஞ்சம் போதுமா?”

“அது எந்த இடம் சார்?”

மறுபடி குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பக்கவேர் முளைக்கப்போற இடம்.”

“தண்ணி தேடிப் புறப்படப்போறது அவங்கதானே சார்? மத்தவங்க தூங்கட்டுமே.”