முதல் ஞாயிற்றுக்கு ஒரு முடிவெட்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு கல்லூரியில் படித்த தேன்மொழி சொன்னாள். அவளுக்கு அவள் சித்தி லோகேஸ்வரி சொன்னது. இடையில் ஏதாவது கூடியோ குறைந்தோ இருக்கலாம்.

லோகேஸ்வரிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில், ஜெபசீலி நடத்தும் பியூட்டி பார்லரில் முடிவெட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஜெபசீலிக்கு இருபத்தொன்பது. சிஷ்யை குருவை ‘மாஸ்டர்’ என்பார். குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பார்.

முதல் நாளே ஜெபசீலி ஒன்று சொல்லியிருந்தார்.

“கத்தரியை எடுக்குறதுக்கு முன்னாடி, வந்தவங்களுக்கு நாள் எப்படிப் போகுதுன்னு கேளுங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முத்தரசி என்ற பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நெற்றியில் விழும் முன்முடி, கன்னத்தோடு நிற்கும் பக்கமுடி.

“எங்க வேலை பாக்குறே கண்ணு?” என்று லோகேஸ்வரி கேட்டார்.

“ஸ்பின்னிங் மில்லுலக்கா. அங்கேயே ஹாஸ்டல்.”

“தொப்பி போடணுமா?”

“ஆமாக்கா. பின்னலைச் சுத்தி உள்ள விட்டுறணும்.”

லோகேஸ்வரி செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். “இவ்வளவு குட்டையா வெட்டினா தொப்பிக்குள்ள நிக்காது. மெஷின்ல மாட்டுச்சுன்னா முடியோட போகாது, தலையும் சேந்து போயிரும். உனக்குச் சுருட்டை வேற. காஞ்சா இன்னும் மேல ஏறும். நுனியை மட்டும் சமமா வெட்டி விடுறேன்.”

“சரிக்கா.”

முத்தரசி செல்போனைப் பைக்குள் வைத்தாள். அதன் பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை.

லோகேஸ்வரி மாஸ்டரைப் பார்த்தார். பாராட்டு வரும் என்று நினைத்தாராம்.

ஜெபசீலி நாற்காலி அருகே வந்தார். “உன்னை எப்ப வெளிய விடுவாங்க?”

“மாசத்துல முதல் ஞாயிறு. ரெண்டு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும்.”

“என்ன பண்ணுவே?”

“ஒண்ணுமில்லக்கா. ரூம் பிள்ளைங்களோட பஜார்ல சும்மா நடப்போம். துணிக்கடைக் கண்ணாடியில எங்களையே பாத்துக்குவோம். கடைக்காரரு நாங்க சேலை பாக்குறோம்னு நினைச்சுக்குவாரு.”

“முடியை அவுத்து விட்டா?”

“அவுத்து விட்டுத்தான்.”

ஜெபசீலி கத்தரியை எடுத்தார். முடியை நனைக்கவில்லை. சுருளை இழுக்காமல், அது விழுந்தபடியே வெட்டினார். முன்முடியை நெற்றியோடு நிறுத்தாமல் தாடைக்குக் கீழே இரண்டு விரல் விட்டார். பிறகு எல்லாவற்றையும் பின்னுக்கு வாரி முத்தரசியையே பின்னச் சொல்லி, தொப்பிக்குப் பதிலாக ஒரு துண்டை இறுகக் கட்டினார்.

“குனி. நிமிரு. தலையை ஆட்டு.”

ஒரு முடியும் வெளியே வரவில்லை.

துண்டையும் பின்னலையும் அவிழ்த்தார். கன்னத்தின் இரண்டு பக்கமும் முடி சுருண்டு விழுந்தது. படத்தில் இருந்தது போல இல்லை. ஆனாலும் முத்தரசி நெடுநேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு லோகேஸ்வரி கேட்டார். “நான் என்ன தப்புப் பண்ணினேன் மாஸ்டர்? நாள் எப்படிப் போகுதுன்னு கேட்டேனே.”

“தப்பில்லக்கா. மெஷினை யோசிச்சீங்க பாருங்க, அது ரொம்பச் சரி.”

“அப்புறம்? மாசத்துல ஒரே ஒரு நாளு. அதுவும் நாலு மணி நேரம். அதுக்காகவா இவ்வளவும்?”

ஜெபசீலி தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே சொன்னார்.

“மத்த நாளைக்குன்னா அவ வெட்டிக்கவே வேண்டாமேக்கா. தொப்பி போதும்.”



பிறகு நான் அந்த ஊருக்குப் போய் விசாரித்தேன். மில் ஹாஸ்டலிலிருந்து கடை இருக்கும் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் கிடையாது. நடந்து பார்த்தேன். ஒரு வழிக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது.