இருமலை எண்ணிய நரி

வெள்ளைப் பாறைக் காட்டில் ஒன்பது பெருச்சாளிகள் குகை குடைந்தன. சிறுத்தைக்குக் கோடையில் படுக்கக் குளிர்ச்சியான இடம் வேண்டுமாம். மேஸ்திரி வேலை நரிக்கு.

குகைக்குள் எப்போதும் வெள்ளைத் தூசி பறக்கும். நரி உள்ளே கால் வைக்காது. வேலை முடியும் நேரத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரும். "ஒன்று!" என்று கத்தும். உள்ளே ஒரு பெருச்சாளி இருமும். "இரண்டு!" இன்னொன்று இருமும். ஒன்பது இருமல் கேட்டால் ஒன்பது பேரும் இருப்பதாக அர்த்தம்.

செம்போத்துப் பறவைதான் அந்தக் காட்டு வைத்தியர். இருமலுக்கு ஆடாதொடை இலை கொடுக்கும். மான்களுக்கு மூன்றே நாளில் குணமாகும். பெருச்சாளிகளுக்கு மட்டும் ஆகாது.

"இதுகளுக்குப் பிறவியிலேயே நெஞ்சு மட்டம், வைத்தியரம்மா!" என்று நரி சிரிக்கும். செம்போத்தும் அதை நம்பியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் காத்தாயி என்ற பெருச்சாளி ஓடி வந்தது.

"வைத்தியரம்மா! என் வீட்டுக்காரர் சடையன் மூணு நாளா வளைக்கு வரலை!"

"மேஸ்திரியைக் கேட்டியா?"

"கேட்டேன். 'உள்ளேதான் இருக்கான், இருமுறது காதுல விழலையா?'ங்கிறார். விழுது. அவர் இருமல்தான். ஆனா ஆளைக் காணோமே!"

அன்று சாயங்காலம் இரண்டும் வாசலருகே மரத்தடியில் நின்றன. நரி எண்ணியது. ஒன்பது இருமல். பிறகு பெருச்சாளிகள் வரிசையாக வெளியே வந்தன. எட்டுதான்.

உள்ளே மறுபடி யாரோ இருமினார்கள்.

இரண்டும் உள்ளே போயின. காற்றே இல்லை. சுவரோரமாக ஒரு வெள்ளைக் கல். காத்தாயி அதைத் தாண்டப் போனது. கல் கண்ணைத் திறந்தது.

தூசி மூடிக் கிடந்த சடையனை வெளியே இழுத்து வந்தன. இருட்டுவதற்குள் அது செத்துப்போனது.

"நல்லாத்தானே இருமினான்!" என்றது நரி.

செம்போத்துக்கும் இருமல் வந்தது. அப்போதுதான் அதற்குப் புரிந்தது. "நெஞ்சு மட்டமில்லை, குகைதான் மட்டம்!" என்று கத்தியது.

மறுநாள் ஒரு பெருச்சாளியும் உள்ளே இறங்கவில்லை. செம்போத்து காத்தாயியோடு நேரே சிறுத்தையிடம் போனது.

"காற்று வர இன்னொரு வாசல் வேண்டும். பாறையை நனைத்துத்தான் தோண்ட வேண்டும். இனி தினம் அரைநாள்தான் வேலை!"

"மாட்டேன் என்றால்?"

"நீங்களே தோண்டிக்குங்க!" என்றது காத்தாயி.

கோடை நெருங்கியிருந்தது. சிறுத்தை ஒப்புக்கொண்டது.

அன்று சாயங்காலம் பெருச்சாளிகள் எட்டும் மரத்தடியில் இருந்தன. நரி பழக்கத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எண்ணியது. எட்டு வரை சத்தமே இல்லை.

"ஒன்பது!"

காலிக் குகை இருமியது.

நரி ஓடியது. இன்றுவரை திரும்பவில்லை. காத்தாயியிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.

புது வாசல் திறந்தபின் அதே ஆடாதொடை இலையில் பெருச்சாளிகளுக்கும் குணமானது.

வேலை செய்யும் இடத்தில் நோயை வளரவிட்டு, வீட்டில் மருந்து கொடுப்பது வைத்தியம் ஆகாது.