யானைக்காக மறைத்த துப்பாக்கி

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தைந்து. அதனால் சீடர் குருவை ‘மேடம்’ என்பார், குரு சீடரை ‘சார்’ என்பார்.

இருவருமே கால்நடை மருத்துவர்கள். சீடரான அந்தோணிசாமி இருபத்தைந்து வருடம் சமவெளியில் ஆடு மாடுகளுக்கு ஊசி போட்டவர். ஓய்வு பெறுவதற்குள் ஒரு யானைக்காவது வைத்தியம் பார்த்துவிட வேண்டும் என்று மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மலையேறி வந்திருந்தார். குருவான மெஹருன்னிசா பத்து வருடமாகக் காட்டு யானைகளுக்கு மயக்க ஊசி போடுகிறவர்.

ஒருநாள் அந்தோணிசாமி கேட்டார்.

“முப்பது தப்படியில போய் நிக்கிறீங்க. யானைக்கு ஆள் இருக்கிறதே தெரியல. எப்படி மேடம்?”

மெஹருன்னிசா குனிந்து ஒரு பிடி புழுதியை அள்ளினார். கையை உயர்த்தி, விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. குருமார்களுக்கு அது மட்டும் வராது.

அந்தோணிசாமி இரண்டு நாள் யோசித்தார். மண்ணோடு மண்ணாக இரு என்கிறார் மேடம். துப்பாக்கியோ கன்னங்கரேலென்று பளபளக்கிறது. இதைத் தூக்கிக்கொண்டு போனால் யானை பார்க்காமல் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை அவர் மயக்க ஊசித் துப்பாக்கியைக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார். அதைத் துடைத்து வைப்பது அவர் பொறுப்பு. சர்க்கார் சொத்துக்குப் பெயின்ட் அடிக்க யாரிடம் அனுமதி வாங்கினார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தின்னரால் துடைத்தார். குறிபார்க்கும் கண்ணாடியிலும் விசையிலும் டேப் ஒட்டினார். கொய்யா மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். முதலில் காக்கி ஸ்பிரே. அது காய்ந்ததும் வெங்காய மூட்டையின் வலையைச் சுற்றி அதன்மேல் பழுப்பு. பிறகு பெரணி இலைகளை ஒட்டவைத்துக் கரும்பச்சை. வலையையும் இலைகளையும் உரித்தபோது அவருக்கே புல்லரித்தது. வேலிச் செடிக்குள் வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். அவர் கால்மணி நேரம் தேடித் தோற்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே தகவல் வந்தது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு பெண் யானை நிற்கிறது. பின்னங்காலில் சுருக்குக் கம்பி இறங்கி, கால் வீங்கியிருக்கிறது.

துப்பாக்கியை மெஹருன்னிசா அங்கே போய்த்தான் பார்த்தார். முகத்தருகே கொண்டுபோய் மோந்தார்.

“எப்ப சார் அடிச்சீங்க?”

“நேத்து மேடம். எப்படி வந்திருக்கு?”

வேறு துப்பாக்கி கிடையாது. மெஹருன்னிசா ஒரு பிடி புழுதி எடுத்துக் காற்றில் விட்டார். அது அவர்கள் பக்கமாகப் பறந்தது.

“காத்து அங்கேருந்து இங்க வருது. அது மாறாத வரைக்கும் சரி. போங்க.”

அந்தோணிசாமி மருந்து ஊசியைப் பொருத்திக்கொண்டு உண்ணிச்செடிப் புதர்களுக்கு இடையே நகர்ந்தார். முப்பது தப்படி. துப்பாக்கியைத் தூக்கியபோது பிடரியில் சில்லென்று காற்றுப் பட்டது. புழுதி என்ன சொன்னது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

யானை தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. திரும்பியது. நேராக அவரை நோக்கி வந்தது.

கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டத்தைப் பற்றி அந்த மலையில் இன்றும் பேசுகிறார்கள். யானை பாதிவரை விரட்டிவிட்டு, பிளிறிக்கொண்டு காட்டுக்குள் திரும்பிவிட்டது.

“அடி கிடி பட்டுச்சா சார்?”

“இல்ல மேடம்.”

“துப்பாக்கி எங்க?”

அந்தோணிசாமி புதரைக் காட்டினார். புதர் மட்டும்தான் இருந்தது.

அவர் முகம் வெளிறிப்போனது. யானையைச் சாய்க்கிற மருந்து ஊசியோடு கிடக்கிறது. மனிதர் உடம்பில் லேசாகக் கீறினாலே போதும், ஆளை முடித்துவிடும். எட்டு மணிக்கு இந்தச் சரிவில் கொழுந்து பறிக்க நாற்பது பெண்கள் வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் அடுப்புக்கு உண்ணிக் குச்சி பொறுக்கப் புதருக்குள் கை விடுகிறவர்கள்.

மெஹருன்னிசா வனக்காவலர் ஒருவரை அனுப்பிப் பெண்களைச் சாலையிலேயே நிறுத்தினார். வனத்துறை ஆட்கள் பத்துப் பேர் குச்சியால் புதரை விலக்கி விலக்கித் தேடினார்கள். மணி ஒன்பதானது, பத்தானது. சாலையிலிருந்து தோட்டத்து மேஸ்திரி கத்தினார்.

“டாக்டரம்மா, எப்பத்தான் விடுவீங்க? இன்னிக்குக் கூலி போச்சுன்னு இதுங்க சண்டைக்கு நிக்குதுங்க!”

“கிடைக்கிற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. நாளைக்கும் கிடைக்கலைன்னா நாளைக்கும்தான்.”

அந்தோணிசாமி ஒரே இடத்தை ஐந்தாவது முறை பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் ஜெபத்தை முணுமுணுத்தன.

அந்த நேரத்தில் வெள்ளிங்கிரி கும்கி யானையோடு வந்து சேர்ந்தார். காட்டு யானை மயங்கிய பிறகு காவலுக்கு நிற்க வரச்சொல்லியிருந்த பாகன் அவர். கும்கியின் பெயர் தேவகி. சரிவில் பாதி ஏறியவள் சட்டென்று நின்றாள். தும்பிக்கையை ஒரு புதர் பக்கம் நீட்டினாள். புஸ்ஸென்று ஊதிவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“டாக்டரம்மா, இங்க என்னமோ இருக்கு. இவ அடி எடுத்து வைக்க மாட்டேங்குறா.”

“அப்படியே நில்லுங்க. கிட்ட விடாதீங்க.”

மெஹருன்னிசா கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தார். துப்பாக்கி அங்கேதான் கிடந்தது. பக்கத்திலேயே, தேடிக்கொண்டு கடந்துபோன அந்தோணிசாமியின் பூட்ஸ் தடம் இரண்டு இடத்தில் பதிந்திருந்தது. ஊசி முழுசாக, சிந்தாமல் இருந்தது. அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“போகச் சொல்லுங்க. ஒண்ணும் பயமில்ல.”

பெண்கள் திமுதிமுவென்று சரிவில் இறங்கினார்கள். அந்தோணிசாமி மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்பது பேரும் கூடையோடு தன்னைக் கடந்து போவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

“என்ன டாக்டரய்யா, நாங்க பறிக்கப் போறதுக்கு நீங்க ஏன் அழுவுறீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். அவர் அழுதபடியே சிரித்தார்.

மனசு கேட்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாள் அந்தப் பெண் யானையை மயக்கிக் கம்பியை வெட்டி எடுத்தார்கள். ஊசியைச் சுட்டது அந்தோணிசாமிதான். இப்போது யானை நன்றாகவே நடக்கிறது.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய நாள் மாலை நடந்தது. தின்னர் டப்பாவும் பழந்துணியுமாக அந்தோணிசாமி துப்பாக்கியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். மெஹருன்னிசா வந்து துணியை வாங்கி ஓரமாக வைத்தார்.

“விடுங்க சார். வாசனை போயிடுச்சு. அழகாத்தான் இருக்கு.”

பையிலிருந்து கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு முழத் துணியை எடுத்தார். துப்பாக்கியின் கட்டையில் இறுக்கிக் கட்டினார். அந்தோணிசாமி பதறிப்போனார்.

“மேடம், யானைக்குத் தெரிஞ்சிடாதா?”

மெஹருன்னிசா முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“யானைக்கு அன்னிக்கே தெரிஞ்சுது சார். இது நமக்கு.”