சேருக்குச் சேர்

ஒரு சந்தைப்பேட்டை மண்டியில் இரண்டு எடைக்கற்கள் இருந்தன. இரண்டுக்கும் சேர் என்றே பெயர். ஒன்று உள்ளூர்ச் சேர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மற்றது வடக்கேயிருந்து வந்தது. உள்ளூர்ச் சேர் மூன்றை வைத்தாலும் அதன் கனத்துக்குக் காணாது.

மண்டிக்காரர் பொன்னுரங்கம் சரக்கு வாங்கும்போது தட்டில் பெரியதை வைப்பார். கொடுக்கும்போது, ஆளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சின்னதை வைப்பார். அவர் வாயில் மட்டும் இரண்டுமே சேர்தான்.

அன்றைக்கு வேலாத்தாள் புளி மூட்டையோடு வந்தாள். புளியைக் கொடுத்து விதைக்கடலை வாங்கிப் போக வேண்டும். மழை பெய்து மண் பதமாக இருந்தது.

“சேருக்குச் சேர். பேச்சு மாற மாட்டேன்” என்றார் பொன்னுரங்கம்.

“சரிங்க மொதலாளி. ஆனா போன வருசமும் விதை பத்தாம பாதிக் காடு தரிசாக் கெடந்துச்சுங்க. எங் காடு பெருத்துப் போச்சோ என்னமோ.”

“நெருக்கி விதைக்கறே போல. தள்ளித் தள்ளிப் போடு.”

பெரிய சேர் தட்டில் ஏறி உட்கார்ந்து புளியை நிறுத்துத் தள்ளியது. சாக்குக்கு அடியில் கிடந்த சின்னச் சேருக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, நீங்க ஒரு தரம் ஏறினா அதுக்கு ஈடா நான் மூணு தரத்துக்கு மேல ஏறணும். அந்த மாத்துக் கணக்கை அவகிட்ட யாராவது சொன்னீங்களா?”

“எதுக்குச் சொல்லணும்? பேரு ஒண்ணுதானே” என்றது பெரியது. “பொறாமைடா உனக்கு, பொடிப்பயலே.”

தராசு குறுக்கே புகுந்தது. “என்னை இழுக்காதீங்கப்பா. நான் யார் பக்கமும் இல்ல. வச்சதை நிறுப்பேன், அவ்வளவுதான்.”

“நடுவுல நின்னுட்டா நியாயம்னு நெனப்பா? நீ நேரா நிக்க நிக்கத்தான் அவ காடு தரிசாக் கெடக்கு” என்றது சின்னச் சேர்.



“நீ மட்டும் என்ன கிழிச்சிடுவே?” என்று சிரித்தது பெரியது.

புளி முழுவதும் நிறுத்து முடிந்தது. பொன்னுரங்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு சாக்குக்கு அடியில் கைவிட்டார். பெரிய கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சின்னதை வைக்க வேண்டும்.

சின்னச் சேர் அவர் விரலிடுக்கில் நழுவித் துள்ளி, எதிர்த்தட்டில் போய் விழுந்தது. டணங்!

வேலாத்தாள் எட்டிப் பார்த்தாள். ஒரு தட்டில் ஒரு சேர், எதிர்த்தட்டில் ஒரு சேர். பெரியதன் தட்டோ இறங்கியே கிடந்தது.

“ஏனுங்க, சேருக்குச் சேர்னீங்க. முள்ளு சாயுதுங்களே?”

பொன்னுரங்கம் அவசரமாகப் பெரிய கல்லை எடுக்கப் போனார். “அது… அது வந்தும்மா, இது வேற ஊர்ச் சேர்.”

வேலாத்தாள் பெரிய கல்லின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“எம் புளி எந்த ஊருக்குப் போச்சோ, விதையும் அந்த ஊர்ல இருந்தே வரட்டுங்க.”

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல், பெரிய கல்லை வைத்தே விதைக்கடலையை நிறுத்துக் கொடுத்தார்.

அவள் தலை மறைந்ததும் சின்னச் சேரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். “உன்னைக் கொல்லன் உலையில போட்டு உருக்கறேனா இல்லையா, பாரு.”

“தாராளமாப் போடுங்க” என்றது சின்னச் சேர். “உருவந்தான் போகும். எடை போகாது.”