சுவரில் வளர்ந்த ஆள்

அந்தக் காலத்தில் பல்லிக்கும் பூசணத்துக்கும்கூடப் பேச்சு இருந்தது. பல்லி இப்போது போலவே வீட்டுச் சுவரில்தான் குடியிருந்தது. பூசணம் மட்டும் காட்டை விட்டு வந்ததில்லை. விழுந்த மரத்தையும் உதிர்ந்த இலையையும் தின்றுகொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று கிடந்தது. கூப்பிடாத வீட்டுக்குள் அது நுழையக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆவுடை என்றொருத்தி இருந்தாள். கிழங்கு தோண்டக் காட்டுக்குப் போன அவள் புருஷன் சங்கிலியை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு மிஞ்சியது நாலு வயது மகள் செண்பகமும், சுவரில் ஓர் எண்ணெய்க் கறையும்தான். சங்கிலி தினமும் சாப்பிட்டுவிட்டுத் தலை சாய்த்து உட்காரும் இடம் அது. பதினாறாம் நாள் வீட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பது ஊர் வழக்கம். அடிக்க வந்தவர்களை ஆவுடை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். கறையை அழித்தால் அவன் இரண்டாம் தடவை செத்ததாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. யார்தான் அவளைக் குறை சொல்ல முடியும்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் சன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. ஈரக்கட்டைக்குள்ளிருந்து வருவது போன்ற மெல்லிய குரல்.

“தாயி, அந்தக் கறை வெளுத்துக்கிட்டே வருது. காத்தும் வெயிலும் அதைத் தின்னுது. என்னைய உள்ள விட்டா அழியாமப் பாத்துக்கிடுவேன்.”

அதற்கு என்ன வேண்டும் என்று ஆவுடை கேட்டாள். சன்னலைச் சாத்த வேண்டும், ஈரத்துணியை உள்ளேயே காயப்போட வேண்டும், சுவரை யாரும் தொடக் கூடாது, அவ்வளவுதான் என்றது பூசணம். ஆவுடை “வா” என்றாள். அந்த ஒரு வார்த்தை அதற்குப் போதுமாக இருந்தது.

பத்து நாளில் கறையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் தோள். அப்புறம் சங்கிலியின் கோணலான இடது முழங்கை. ஆவுடை அதன் முன்னால் சோறு வைத்துக்கொண்டு அன்றாடக் கதையெல்லாம் பேசினாள். சில சமயம் அது தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டது. செண்பகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்ப மறுத்தாள். அப்பா வாசம் இல்லை, அழுகின இலை வாசம் வருகிறது என்று அழுதாள். பிறகு இருமத் தொடங்கினாள். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சு கரகரத்தது. எந்தக் கஷாயத்துக்கும் அது அடங்கவில்லை.

ஒரு நாள் காலையில் பல்லி மூட்டை கட்டாத குறையாக வாசலை நோக்கி நகர்ந்தது. எங்கே கிளம்பிவிட்டாய் என்று ஆவுடை கேட்டாள்.

“இந்தச் சுவத்துல இனி எனக்கு இடமில்ல. அவன் பக்கத்துல கீழ பாரு, ஆவுடை. இன்னொண்ணு வளருது.”

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அந்தக் கோணல் முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் தலை வந்திருந்தது. உச்சியில் குட்டிக் கொண்டை. செண்பகத்தின் பாய்க்கு நேராக, செண்பகத்தின் உயரத்தில்.

“இவ உசிரோடதானே இருக்கா?” என்றாள் ஆவுடை.

“அவசரமில்ல, தாயி. நான் காத்திருப்பேன்,” என்றது பூசணம்.

ஆவுடை விளக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கிடத்தினாள். திரும்பி வந்து, துடைப்பத்தால் சுவரை மாறி மாறி அடித்தாள். அதுதான் அவள் செய்த பிழை. பூசணம் தூளாகிப் பறந்தது. திறந்த கதவு வழியாகப் போய் ஊரில் வீடு வீடாக இறங்கியது. அவள் சொன்ன “வா”வையும் கையோடு எடுத்துக்கொண்டு போனது.

நிலைப்படியிலிருந்து பல்லி சொன்னது: “காஞ்ச துடைப்பத்தால அடிச்சா பறக்கத்தான் செய்யும். நனைச்சுத் துடை. துணியை எரிச்சிரு. அப்புறம் சுண்ணாம்பு.”

மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, ஆவுடை சுவரை நனைத்துத் துடைத்தாள். சின்னத் தலையைத்தான் முதலில் துடைத்தாள். பிறகு முழங்கை, தோள். கடைசியில் எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சியது. துடைத்த துணிகளை அடுப்பில் போட்டாள். சன்னலைத் திறந்து வைத்துச் சுவரைக் காயவிட்டாள். பானையில் சுண்ணாம்பை நீற்றினாள்; அது சீறிக் கொதித்து அடங்கியது. ஆனால் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையோடு போன கை கறைக்கு முன்னால் நின்றுவிட்டது. வாசலில் செண்பகம் இருமினாள். ஆவுடை ஒரே இழுப்பில் கறையை மூடினாள். அழுதுகொண்டேதான் மூடினாள்.

இருமல் அடங்க ஒரு மாதம் ஆனது. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆவுடை மகளுக்குச் சோறு ஊட்டினாள். அவள் தலையில் வெள்ளை ஒட்டியிருப்பதைப் பார்த்துச் செண்பகம் சிரித்தாள்.

அன்று முதல்தான் பூசணம் எந்த வாசலிலும் நின்று கேட்பதில்லை. அதைத்தான் ஒருமுறை கூப்பிட்டாகிவிட்டதே. மழைக்காலத்தில் சன்னல் சாத்திய அறையில், பீரோவுக்குப் பின்னால், எண்ணெய்த் தலை சாயும் இடத்தில், அதுவாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. நாமும் மழை விட்டதும் சன்னலைத் திறக்கிறோம், நனைத்துத் துடைக்கிறோம், தை பிறக்குமுன் வெள்ளையடிக்கிறோம். துடைக்கத் தொடங்குமுன் குழந்தைகளை வெளியே அனுப்பிவிடுவதும், சுவரில் அவர்கள் படுக்கும் உயரத்தை ஒரு தடவை குனிந்து பார்ப்பதும் அன்று முதல்தான்.